மாத்திரையை நிறுத்தாதீர்கள், போனை எடுங்கள்

நாய்க்கு ரத்தக் கோளாறு என்று சொல்லி எதிர்ப்பை அடக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்த அன்றைக்கே வீட்டில் பயம் ஆரம்பித்துவிடுகிறது. அந்தப் பயம்தான் இந்த முறை கேள்விகளாக வந்திருக்கிறது. கேட்டவர்கள் தங்கள் பெயரை விட்டுவிட்டு நாயின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அப்படியே வைத்துக்கொள்வோம்.

‘எதிர்ப்புச் சக்தியே ரத்தத்தை அழிக்குது’ என்கிறார் டாக்டர். எதிர்ப்புச் சக்தி நல்லதுதானே?
— ப்ளாக்கி வீட்டார், திருச்சி

நல்லதுதான், ஆளை அடையாளம் தெரிந்திருக்கும் வரைக்கும். ப்ளாக்கியின் உடம்பில் தன் சொந்தச் சிவப்பணுக்கள் மேலேயே எதிர்ப்பொருள் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய அணுவை மண்ணீரலும் கல்லீரலும் பிடித்து விழுங்கிவிடுகின்றன. சில நாய்களில் ரத்தக் குழாய்க்குள்ளேயே அணு உடைந்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். நாயின் சிவப்பணு மூன்று மாதத்துக்கு மேல் வாழக்கூடியது. இந்த நோயில் அதற்குச் சில நாள்தான் ஆயுள். உங்கள் ரிப்போர்ட்டில் ‘பி.சி.வி.’ என்று ஒரு வரி இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு எத்தனை விழுக்காடு என்று சொல்வது. ஆரோக்கியமான நாய்க்கு அது 37 முதல் 55 வரை. ப்ளாக்கிக்கு 14 என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவசர நிலை.

இதே தாக்குதல் தட்டணுக்கள் மேல் திரும்பினால் அது இன்னொரு நோய். 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்கவேண்டிய தட்டணு, 30,000-க்குக் கீழே இறங்கும்போது அடிபடாமலேயே ரத்தம் கசியும். வயிற்றுத் தோலில், காது மடலின் உள்பக்கம், ஈறில் சிவப்புப் புள்ளிகள் தெரியும்.

இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: தாக்குதலை அடக்குவது. அடக்கினால் நோய் ஓயும், கூடவே கிருமிகளுக்கு எதிரான காவலும் தளரும். பக்கவிளைவுகளில் ஒரு பகுதி அதனால் வருவது. மீதி, மருந்து நேரடியாகக் கல்லீரலையோ எலும்பு மஜ்ஜையையோ குடலையோ தொடுவதால் வருவது. எது எதனால் என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பயம் பாதி குறையும்.

ஸ்டெராய்டு ஆரம்பிச்சதிலிருந்து வாளித் தண்ணியும் காலி. கூடத்திலேயே ஒண்ணுக்குப் போறான். அவனுக்கே வெட்கமா இருக்கு, மூலையில போய்ப் படுத்துக்கிறான். நிறுத்திடட்டுமா?
— சீசரின் அம்மா, மதுரை

நிறுத்தாதீர்கள் அம்மா. இதைப் பெரிய எழுத்தில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

தாகம், மூத்திரம், அடங்காத பசி, இளைப்பு, தொங்கும் வயிறு எல்லாம் ப்ரெட்னிசலோன் என்ற இந்த ஸ்டெராய்டு வேலை செய்யும்போது கூடவே வருபவை. சித்திரை வெயிலில் இளைப்பு இன்னும் கூடும். மின்விசிறிக்கு அடியில், ஈரத்தரையில் படுக்கவிடுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். மூத்திரமாகப் போகும் தண்ணீருக்கு ஈடாகத்தான் அவன் குடிக்கிறான், கிண்ணத்தை எடுத்துவிட்டால் உடம்பு வற்றிப்போகும். ராத்திரி ஒரு தடவை கூடுதலாக வெளியே கூட்டிப்போங்கள். கூடத்தில் போனால் துடைத்துவிட்டுத் தலையைத் தடவிக்கொடுங்கள். திட்டினால் தாங்கமாட்டான், அது அவன் கையில் இல்லை.

ஏன் நிறுத்தக்கூடாது? காரணம் இரண்டு. நோய் திரும்பி எழும், முதல் தடவையைவிட மூர்க்கமாகக்கூட எழலாம். இன்னொன்று, உடம்புக்கு வேண்டிய ஸ்டெராய்டைச் சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தானே செய்கிறது. வெளியிலிருந்து மாத்திரையாக வர ஆரம்பித்ததும் அது உற்பத்தியை நிறுத்திவிடும். மாத்திரையைத் திடீரென்று விட்டால் இரண்டு பக்கமும் வரவில்லை. வாந்தி, பேதி, துவண்டு விழுதல், கடைசியில் மயக்கம். அதனால்தான் ரத்தம் நிலையான பிறகு, சுமார் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அளவில் கால்வாசியைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். மொத்தச் சிகிச்சையும் முடிய 4 முதல் 8 மாதம் ஆகலாம்.

எதற்குப் பயப்பட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்டெராய்டு சாப்பிடும் நாய்க்குப் பசி எடுத்தே ஆகவேண்டும். அது சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மலம் தாராகக் கறுத்துப் போனால் வயிற்றில் எங்கோ புண், ரத்தம் இறங்குகிறது. கண் வெள்ளை மஞ்சளானால், மூச்சு வாங்கினால், விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

மாத்திரையை விழுங்கின கொஞ்ச நேரத்திலேயே வாந்தி. மறுபடி ஒண்ணு கொடுக்கலாமா?
— டாமி, தூத்துக்குடி

வாந்தியில் மாத்திரை முழுசாகக் கிடந்ததா, எத்தனை நிமிஷம் கழித்து வந்தது, என்ன மாத்திரை என்ற மூன்றையும் டாக்டரிடம் போனில் சொல்லுங்கள். அவர் முடிவு செய்யட்டும். ஸ்டெராய்டு என்றால் சாப்பாட்டோடு கொடுத்திருக்க வேண்டும்.

நொண்டுறான், பாவமா இருக்கு. தாத்தாவோட முட்டிவலி மாத்திரையில கால்வாசி கொடுத்தோம். தப்பா?
— ராக்கி வீட்டார், சேலம்

தப்புதான். இனி ஒருபோதும் வேண்டாம். வலி மாத்திரையும் ஸ்டெராய்டும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் இரைப்பையிலும் குடலிலும் புண் வரும், ஓட்டை விழும் அளவுக்குக்கூடப் போகும். தட்டணு குறைந்த நாய்க்கு அந்தப் புண்ணிலிருந்து வரும் ரத்தம் நிற்காது. பாராசிட்டமாலும் பாதுகாப்பில்லை, அளவு மீறினால் அது நாயின் சிவப்பணுவையே கெடுக்கும். ஏற்கெனவே சிவப்பணு அழிந்துகொண்டிருக்கும் நாய் இது. ராக்கியை இன்றைக்கே காட்டுங்கள். கொடுத்த மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று மறைத்துவிடாதீர்கள். அவருக்கு அந்த விவரம் மிக முக்கியம்.

முதல்ல உண்ணிக் காய்ச்சல்னு சொல்லி டாக்ஸிசைக்ளின். ஒரு வாரம் கழிச்சு ஸ்டெராய்டும் சேர்த்துட்டாங்க. கிருமியைக் கொல்ல ஒண்ணு, எதிர்ப்பை அடக்க ஒண்ணு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா இல்லையா?
— மணி வீட்டார், நாகர்கோவில்

நாய் வளர்க்கும் தமிழ்நாட்டு வீடு ஒவ்வொன்றும் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நம் வீட்டு நாய் மேல் ஏறும் பழுப்பு உண்ணி, புல்வெளியில் மட்டும் வாழ்வதில்லை. சுவர் விரிசலில், கதவு நிலையின் இடுக்கில், நாய் படுக்கும் சாக்கின் மடிப்பில் குடித்தனம் நடத்தும். எர்லிக்கியா என்ற கிருமியையும், பாபீசியா என்ற ஒட்டுண்ணியையும் ரத்தத்தில் ஏற்றிவிட்டுப் போகும். எர்லிக்கியா 1935-லேயே அல்ஜீரியாவில் நாய்களிடம் கண்டறியப்பட்டது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நாய்களை, முக்கியமாக ஜெர்மன் ஷெப்பர்டுகளை, ஏராளமாகப் பலிவாங்கியது இதே நோய்தான். மூக்கிலிருந்து ரத்தம் வடிந்து செத்தன.

இந்தக் கிருமிகள் ரத்தத்தில் இருக்கும்போது எதிர்ப்பு மண்டலம் குழம்பிப்போய்த் தன் சொந்த அணுக்களையும் சேர்த்துத் தாக்க ஆரம்பிக்கலாம். அப்போது மணிக்கு இரண்டு எதிரிகள், கிருமி ஒன்று, குழம்பிய எதிர்ப்பு இன்னொன்று. டாக்ஸிசைக்ளின் முதலாவதற்கு, ஸ்டெராய்டு இரண்டாவதற்கு. கிருமிக்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது, ரத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்தால், குறுகிய காலத்துக்கு ஸ்டெராய்டு சேர்ப்பதில் தவறில்லை.

ஆபத்து தலைகீழாக நடக்கும்போதுதான். உண்ணி நோயைத் தேடிப் பார்க்காமலேயே ‘எதிர்ப்புக் கோளாறு’ என்று முடிவுகட்டி, அதிக அளவு ஸ்டெராய்டும் இன்னொரு அடக்கு மருந்தும் ஆரம்பித்துவிட்டால், ஒளிந்திருந்த பாபீசியா பெருகிவிடும். ரத்தம் மேலும் இறங்கும். ‘மருந்து போதவில்லை’ என்று அளவைக் கூட்டுவார்கள், இன்னும் இறங்கும். இதை மருந்தின் பக்கவிளைவு என்று நீங்கள் நினைப்பீர்கள். உண்மையில் நோயறிதலில் விட்ட ஓட்டை. மேலை நாட்டுப் புத்தகத்தில் ‘காரணம் தெரியாத’ என்ற வகைதான் பெரியது. நம் ஊரில் அந்த வார்த்தைக்கு வருமுன் காது நுனி ரத்தத்தில் ஒரு ஸ்லைடு, முடிந்தால் பி.சி.ஆர். பார்க்க வேண்டும். ஸ்லைடில் தெரியவில்லை என்பதால் இல்லை என்றாகாது, அணுக்களுக்குள் மிகக் குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: ‘சார், உண்ணி நோய் எல்லாம் பார்த்தாச்சா?’ நல்ல டாக்டர் யாரும் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கமாட்டார்.

டாக்ஸிசைக்ளினை 28 நாள் சொல்லியிருந்தால் 28 நாளும் கொடுங்கள். சாப்பாட்டோடு கொடுங்கள், பாலோடு வேண்டாம். கூடவே உண்ணி குடியிருக்கும் அந்தச் சாக்கை எரித்துவிடுங்கள்.

நாட்டு நாய்க்கும் இது வருமா? எங்களது சிப்பிப்பாறை.
— வேலன், ராஜபாளையம்

வரும். காக்கர் ஸ்பானியல் போன்ற சில சீமை இனங்களில் அதிகம், பெண் நாய்களில் கொஞ்சம் கூடுதல். ஆனால் இந்த இனத்துக்கு வராது என்று எதுவும் இல்லை. வேலன் தெம்பானவன்தான், உண்ணி அதைப் பார்ப்பதில்லை.

கூம்ப்ஸ் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. அது கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறது இல்லையா?
— ஜிம்மியின் அக்கா, வேலூர்

அதே டெஸ்ட்தான். சிவப்பணு மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. 1945-இல் அதை உருவாக்கிய ராபின் கூம்ப்ஸ், எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்தவர். உங்கள் ஜிம்மிக்கும் உங்களுக்கும் பொதுவான சொத்து அது. ஸ்டெராய்டு ஆரம்பிக்குமுன் ரத்தம் எடுத்துவிடச் சொல்லுங்கள், பிறகு எடுத்தால் முடிவு மங்கிவிடலாம்.

அசதியோபிரின்னு ரெண்டாவது மாத்திரை. மெடிக்கல் ஷாப்ல ‘இது கிட்னி மாத்தினவங்களுக்கு’ன்னு சொல்றார். மனுஷ மருந்தை நாய்க்குக் கொடுக்கலாமா?
— ஷாடோ வீட்டார், கோவை

மனிதனுக்கே அது நாய் வழியாகத்தான் வந்தது. ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் செய்த மருந்து அது. 1988-இல் நோபல் பரிசு வாங்கியவர்கள். 1960-களின் தொடக்கத்தில் ராய் கால்ன் என்ற இளம் அறுவை மருத்துவர் பாஸ்டனில் நாய்களுக்குச் சிறுநீரகம் மாற்றிவைத்து, இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். லாலிபாப் என்ற நாய் மாற்றுச் சிறுநீரகத்தோடு மாதக்கணக்கில் உயிர் வாழ்ந்தது. அந்த நாய்களைப் பார்த்த தைரியத்தில்தான் மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். இன்றைக்குச் சிறுநீரகம் மாற்றி நடமாடும் ஒவ்வொருவரும் லாலிபாப்புக்குக் கடன்பட்டிருக்கிறார். நாய்க்கு அதைத் திருப்பிக் கொடுப்பதில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம் உண்டு.

ஆனால் கண்காணிப்பு வேண்டும். இந்த மருந்து சில நாய்களின் கல்லீரலைத் தாக்கும், பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள். இன்னும் சில நாய்களில் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி வெள்ளணுவையும் தட்டணுவையும் குறைக்கும். அது மெதுவாக, ஒன்றிரண்டு மாதம் கழித்துத் தெரியும். 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கல்லீரல் பாதிப்பு சுமார் 15 விழுக்காடு நாய்களிடம் தெரிந்தது. ஷாடோ சாப்பிடுகிறான், வாலாட்டுகிறான், எதற்கு மறுபடி ரத்தப் பரிசோதனை என்று நினைத்துத் தவிர்க்காதீர்கள். கல்லீரல் நொதி ஏறுவதை வால் காட்டாது, ரிப்போர்ட்தான் காட்டும். ஆரம்பத்திலேயே பிடித்து மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டுவிடும். மஞ்சள் பூத்த பிறகு பிடித்தால் கஷ்டம்.

மாசமா இருக்கேன். நான்தான் பப்பிக்கு மாத்திரை கொடுக்கிறேன். பரவாயில்லையா?
— பப்பியின் அம்மா, திருப்பூர்

வேண்டாம், வேறு யாராவது கொடுக்கட்டும். அசதியோபிரின், மைக்கோபீனலேட் என்ற அடக்கு மருந்துகள் இரண்டும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. கொடுப்பவரும் கையுறை போடட்டும், மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பப்பியின் மூத்திரம், வாந்தியைத் துடைப்பதும் உங்கள் வேலை இல்லை. நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும்.

மைக்கோபீனலேட் கொடுத்த நாலாம் நாள் பேதி. ரத்தமும் கலந்திருக்கு.
— ரூபி, ஈரோடு

அந்த மருந்தின் முக்கியமான தொல்லையே குடல்தான். பேதி லேசாக இருந்தால் அளவைக் குறைத்துப் பார்ப்பார்கள். ரத்தம் கலந்தால் நிறுத்தி வேறு மருந்துக்கு மாறுவார்கள். அந்த முடிவு டாக்டருடையது, ஆனால் இன்றைக்கே எடுக்க வேண்டிய முடிவு.

சைக்ளோஸ்போரின் கொடுக்கிறோம். ஈறு தடிச்சுப் பல்லை மூடுது. உதட்டுல மரு மாதிரி. புற்றுநோயா?
— லியோ, சென்னை

பெரும்பாலும் இல்லை. ஈறு தடிப்பது சைக்ளோஸ்போரினுக்கே உரிய விளைவு, அளவைக் குறைத்தால் சுருங்கிவிடும். மரு, எதிர்ப்பு குறைந்ததால் தலைதூக்கும் வைரஸ். டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டிவிடுங்கள், அவர் கண்ணால் பார்த்துச் சொல்லட்டும். இந்த மருந்தை வெறும் வயிற்றில் கொடுத்தால்தான் உடம்பில் சரியாக ஏறும். ஆரம்ப நாட்களில் வாந்தி எடுத்தால் மட்டும் கொஞ்சம் சாப்பாட்டோடு கொடுக்கச் சொல்வார்கள்.

இன்னொன்று, சைக்ளோஸ்போரின் விலை கட்டுப்படியாகவில்லை என்று சில இடங்களில் கீட்டோகோனசோலைச் சேர்த்து, சைக்ளோஸ்போரின் அளவைக் குறைக்கிறார்கள். கல்லீரலில் அது சிதைவதைக் கீட்டோகோனசோல் தடுப்பதால் குறைந்த அளவே போதும். தெரிந்து செய்தால் நல்ல உத்தி. தெரியாமல், தோல் படைக்கு என்று வேறொருவர் கீட்டோகோனசோல் எழுதிக்கொடுத்து, நீங்களும் பழைய அளவில் சைக்ளோஸ்போரின் கொடுத்துக்கொண்டே இருந்தால், அளவு பலமடங்கு ஏறியதற்குச் சமம். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மருந்துச் சீட்டையும் காட்டுங்கள்.

தட்டணு 8,000. டாக்டர் ‘புற்றுநோய் ஊசி’ ஒண்ணு போட்டார். எங்களுக்குத் தூக்கமே வரலை.
— ஸ்வீட்டி வீட்டார், தஞ்சாவூர்

வின்கிரிஸ்டினைச் சொல்கிறீர்கள். தூங்குங்கள். அது நம் கோயில் நந்தவனத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் மருந்து. புற்றுநோய்க்குக் கொடுப்பதுபோல் இல்லாமல், ஒரே ஒரு தடவை, சிறிய அளவில் தட்டணு நோய்க்குக் கொடுப்பார்கள். மஜ்ஜையிலிருந்து தட்டணுக்களைச் சீக்கிரம் வெளியே தள்ளும், விழுங்கும் அணுக்களின் வேகத்தையும் தடுக்கும். ஸ்டெராய்டை மட்டும் கொடுத்த நாய்களைவிட இதையும் சேர்த்துக் கொடுத்த நாய்களுக்குத் தட்டணு ஒன்றிரண்டு நாள் முந்தி ஏறியது. ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்தான நோயில் ஒன்றிரண்டு நாள் சாதாரணமில்லை.

ஊசி நரம்புக்குள் போகும்வரை சரி. ஒரு துளி நரம்புக்கு வெளியே கசிந்தாலும் அந்த இடத்துத் தோல் வெந்து அழுகும். ஸ்வீட்டியின் முன்னங்காலில் ஊசி போட்ட இடத்தைத் தினமும் பாருங்கள். சிவந்து வீங்கினால், ஓயாமல் நக்கினால் உடனே சொல்லுங்கள். இன்னொரு எச்சரிக்கை கோலி வகை நாய் வளர்ப்பவர்களுக்கு. அந்த இனங்களில் பலவற்றுக்கு, மருந்தை மூளையிலிருந்தும் உடம்பிலிருந்தும் வெளியேற்றும் ஒரு மரபணு பழுதாக இருக்கும். 2001-இல் இது கண்டறியப்பட்டது. அவற்றுக்கு வின்கிரிஸ்டின் வழக்கமான அளவிலேயே விஷமாகும்.

தோட்டத்து நித்தியகல்யாணியைப் பறித்து அரைத்துக் கொடுக்கலாமா என்று அடுத்த வாரம் யாரும் கேட்கவேண்டாம். கொடுத்தால் செத்துப்போகும்.

பப்பாளி இலைச் சாறு?
— புஜ்ஜி, கடலூர்

தட்டணுவை எதிர்ப்பொருள் அழித்துக்கொண்டிருக்கும்போது இலைச்சாறு அந்த அழிவை நிறுத்தும் என்று நம்ப ஆதாரமில்லை. கசப்பில் வாந்தி எடுத்து மாத்திரையையும் வெளியே தள்ளினால் நஷ்டம் இரட்டிப்பு. சாறு அரைக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

பக்கத்து வீட்டு லாப்ரடார் ரத்தம் கொடுத்தது. முதல் தடவை ஒண்ணும் ஆகலை. ரெண்டாவது தடவை ஏத்தும்போது முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, நடுங்கினான். அதே ரத்தம்தானே?
— கரண், காஞ்சிபுரம்

அதே ரத்தம் என்பதுதான் காரணமாகவும் இருக்கலாம். நாய்களுக்கும் ரத்த வகைகள் உண்டு. அதில் முக்கியமானது டி.இ.ஏ. 1. மனிதர்களுக்கு இயல்பாகவே மாற்று வகை ரத்தத்துக்கு எதிர்ப்பொருள் இருக்கும், நாய்க்கு இந்த வகைக்கு எதிராகப் பெரும்பாலும் இருக்காது. அதனால் முதல் தடவை எந்த நாயின் ரத்தமும் பெரும்பாலும் ஏறிவிடும். ஆனால் அந்த முதல் தடவையிலேயே உடம்பு அதைக் குறித்துவைத்துக்கொள்ளும். நாலைந்து நாள் கழிந்த பிறகு மறுபடி ஏற்றுவதென்றால், இரண்டு ரத்தத்தையும் ஒரு துளியாவது கலந்து பொருத்தம் பார்க்காமல் ஏற்றக்கூடாது.

கரணுக்கு வந்த முக வீக்கம் ஒவ்வாமையாக இருக்கலாம். காய்ச்சல், நடுக்கம் பொருந்தாத ரத்தத்தால் அணு உடைவதாலும் இருக்கலாம். ஏற்றும்போது முதல் அரைமணி நேரம் மிக மெதுவாக விட்டு, வெப்பம், நாடித்துடிப்பு, ஈறு நிறம் மூன்றையும் அடிக்கடி பார்ப்பது அதற்காகத்தான். மாறுதல் தெரிந்தால் முதல் வேலை டியூபை மூடுவது. அந்த அரைமணி நேரம் நீங்கள் பக்கத்தில் இருந்தால் நாயின் முகத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். காது மடல் தடிப்பது, உதடு வீங்குவது, அமைதியாகப் படுத்திருந்தவன் திடீரென்று எழ முயல்வது இவையெல்லாம் வளர்த்தவர் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

நாய்க்கு நாய் ரத்தம் ஏற்றுவது புதிதில்லை. ரிச்சர்ட் லோயர் 1660-களிலேயே ஆக்ஸ்போர்டில் அதைச் செய்து காட்டினார். மனிதனுக்கு மனிதன் ரத்தம் கொடுக்கப் பழகியது அதற்கு வெகுகாலம் பின்னால். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விலங்குகளுக்கு ரத்த வங்கியே இருக்கிறது. நல்ல எடையுள்ள, தடுப்பூசி போட்ட, உண்ணி நோய் இல்லையென்று பரிசோதித்த நாய் உங்களிடம் இருந்தால் போய்ப் பதிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டு லாப்ரடாருக்கு என் அன்பு.

ரத்தமே இல்லாத நாய்க்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரையா? எழுதினது சரிதானா?
— டைகர், கும்பகோணம்

சரிதான். சிவப்பணு அழியும் நோயில் நாய்கள் சாவது ரத்தசோகையால் மட்டுமில்லை. நுரையீரலில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதால் சாகின்றன. சிகிச்சை தொடங்கி ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே, ‘தேறிவிட்டான்’ என்று எல்லோரும் மூச்சு விடும்போதே, அது நடக்கும். முதல் இரண்டு வாரம் அதிக ஆபத்து. அதிக அளவு ஸ்டெராய்டும் உறைதலைத் தூண்டும். க்ளோபிடோக்ரல் எழுதினது அதற்காக. தட்டணுவும் 30,000-க்குக் கீழே இருந்தால் மட்டும் அதைக் கொடுக்கமாட்டார்கள். டைகர் திடீரென்று வாயால் மூச்சு வாங்கினால், காலை இழுத்தால், அந்த நிமிஷமே கிளம்புங்கள்.

மனிதர்களின் எதிர்ப்பொருளை ட்ரிப்ஸில் ஏற்றலாம் என்றார்கள். விலை கேட்டுத் தலை சுற்றியது. அவசியமா?
— ராணி, புதுச்சேரி

எல்லா நாய்க்கும் அவசியமில்லை. மற்றவை பலிக்காதபோது கையில் எடுப்பது அது. ஆயிரக்கணக்கான மனிதர்களின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த புரதம், நாய்க்கு அது அந்நியம். ஏற்றும்போதே வாந்தி, தடிப்பு வரலாம், ரத்தம் உறையும் போக்கும் கூடலாம். ஒரு தடவைக்கு மேல் கொடுத்தால் கடுமையான ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகம். ராணிக்கு மாத்திரையிலேயே தட்டணு ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பணத்தை ரத்தப் பரிசோதனைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தெரு நாய்கள் நிறைய. வெறிநோய் தடுப்பூசி தேதி வந்துவிட்டது. இந்த நிலையில் போடலாமா?
— பிரவுனி வீட்டார், திருநெல்வேலி

கடினமான கேள்வி. 1996-இல் பென்சில்வேனியாவில் செய்த ஓர் ஆய்வில், சிவப்பணு அழியும் நோய் வந்த நாய்களில் சுமார் கால்வாசிக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் தடுப்பூசி போட்டிருந்தது தெரிந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதை உறுதி செய்யவில்லை. சந்தேகம் முழுதாகப் போகவும் இல்லை. ஆகவே பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளை எதிர்ப்பு அடங்கியிருக்கும்போது போடுவதில்லை. வெறிநோய் ஊசி செத்த கிருமியால் செய்தது, அந்த வகையில் ஆபத்தில்லை. ஆனால் அதிக அளவு ஸ்டெராய்டில் இருக்கும்போது போட்டால் சரியாகப் பிடிக்காமல் போகலாம்.

வெறிநோய் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் உயிர் விஷயமும்கூட. அதனால் ஒரேயடியாக ‘போடவே மாட்டேன்’ என்று விட்டுவிடாதீர்கள். மருந்து குறைந்து ரத்தம் நிலையானதும் எப்போது போடுவது என்று டாக்டரோடு தேதி குறியுங்கள். அதுவரை பிரவுனி வாசலைத் தாண்டும்போது கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். எது கடித்தாலும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சாம்பார் சாதம் சாப்பிட்டே வளர்ந்தவன். சின்ன வெங்காயம் ஆகாதாமே?
— கருப்பன், தேனி

ஆகாது. சின்னதோ பெரியதோ, வெந்ததோ பச்சையோ, வெங்காயம் நாயின் சிவப்பணுவை உடைக்கும். பூண்டும் அப்படியே. இது எதிர்ப்புக் கோளாறு இல்லை, வேறு வழியில் அதே முடிவு. கருப்பனுக்கு இப்போது ஒரு சிவப்பணுவும் வீணாகக்கூடாது. வெங்காயம் போடுவதற்கு முன்னாலேயே அவன் பங்குப் பருப்பையும் சோற்றையும் எடுத்துவைத்துவிடுங்கள். பசியில் கெஞ்சுவான், ஸ்டெராய்டு கெஞ்சவைக்கும். வெள்ளரிக்காய்த் துண்டு கொடுத்துச் சமாளியுங்கள்.

மாசக்கணக்கா மருந்து. இப்ப முதுகெல்லாம் முடி கொட்டி, சொறி. காய்ச்சல் இல்லை, அதனால பரவாயில்லைன்னு விட்டிருக்கோம்.
— ஜூலி, விழுப்புரம்

காய்ச்சல் இல்லை என்பதை நம்பாதீர்கள். ஸ்டெராய்டு காய்ச்சலையும் அமுக்கிவிடும். உள்ளே தொற்று இருந்தாலும் உடம்பு சுடாது. சொறி, தோலில் அடங்கிக் கிடந்த சிற்றுண்ணி தலைதூக்கியதாக இருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம். தோலைச் சுரண்டிப் பார்த்தால் தெரியும். கூடவே சிறுநீரும் பரிசோதியுங்கள். ஸ்டெராய்டில் இருக்கும் நாய்க்குச் சிறுநீர்த் தொற்று எந்த அடையாளமும் காட்டாமல் இருக்கும். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

எட்டு மாசம் முடிஞ்சு எல்லா மாத்திரையும் நிறுத்தியாச்சு. ரிப்போர்ட் நார்மல். இனி என்ன பார்க்கணும்?
— குட்டி வீட்டார், சிவகங்கை

ரொம்ப சந்தோஷம். குட்டியின் மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், காலை சாப்பாட்டுக்கு முன்னால், வெளிச்சத்தில். ரோஸ் நிறம் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். நன்றாக இருக்கும் நாளில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், சந்தேகம் வரும் நாளில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். மூத்திரத்தின் நிறத்தை வெள்ளைத் தரையிலோ ஒரு தாளிலோ பாருங்கள். வயிற்றைத் தடவும்போது சிவப்புப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறதா என்பதும் கணக்கு.

டாக்டர் சொன்ன தேதிகளில் ரத்தம் எடுங்கள், நன்றாக இருந்தாலும். உண்ணி மருந்தை மாதம் தவறாமல் போடுங்கள், மார்கழியிலும். எந்த மருந்துக்கு என்ன ஆனது, எந்த அளவில் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நோய் திரும்பினால், வேறு ஊரில் வேறு டாக்டர் பார்க்க நேர்ந்தால், அவர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.